நாய்க்கு மசாஜ்: வேலூர் வட்டாரத்தில் புதிதாகக் கற்க வருபவர்களுக்கு

நாய்க்கு மசாஜ் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் பல விதம். மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே படுத்துவிடும் வயதான லேப்ரடாரை வைத்துக்கொண்டு தவிக்கும் சத்துவாச்சாரி குடும்பம், காட்பாடியில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடையில் வேலை பார்க்கும் பையன், பிசியோதெரபி படித்து முடித்த பெண், தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எங்கே அழுத்தணும், எவ்வளவு அழுத்தணும்?”

அதற்குப் பதில் இந்தக் கட்டுரையில் உண்டு. ஆனால் பாதி கடந்த பிறகுதான் வரும். இந்த வேலையில் அழுத்துவது கடைசியாகக் கற்க வேண்டியது. நாய் எப்படி நிற்கிறது, எப்படி நடக்கிறது, நம் கையை ஏற்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியாதவர் கை வைத்தால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே வலியைக் கூட்டிவிடுவார். நாயால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளும், முடியாதபோது கடிக்கும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

முறையாகச் செய்தால் இறுகிய தசை தளரும், பயந்த நாய் அமைதியாகும். ஒரு காலில் வலி உள்ள நாய் மற்ற மூன்று கால்களில் பளுவை ஏற்றி ஏற்றி நடந்திருக்கும். அந்த மூன்று கால்களின் தசைகளுக்கும் முதுகுக்கும் மசாஜ் பெரிய ஆறுதல். இன்னொரு லாபத்தைப் பலர் கவனிப்பதில்லை. வாரம் இரண்டு முறை உடம்பு முழுக்கக் கை போய்வந்தால், தோலுக்கடியில் புதிதாக வந்த கட்டி, காது மடிப்பில் உட்கார்ந்த உண்ணி, விரலிடுக்கில் ஏறிய முள் எல்லாம் சீக்கிரமே தட்டுப்படும். கைக்குப் பழகிய நாயை மருத்துவர் பரிசோதிப்பதும் எளிது.

தேய்ந்த மூட்டு மசாஜால் திரும்ப வளராது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்குப் பரம்பரைக் காரணத்தால், வளரும்போது இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போவது உண்டு. அதையும் கையால் சரிசெய்ய முடியாது. அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: “டிஸ்டெம்பர் வந்து பொழச்சிக்கிச்சு, ஆனா கால் வெட்டி வெட்டி இழுக்குது, நீவி விட்டா சரியாப் போயிடுமா?” அந்தத் துடிப்பு, வைரஸ் நரம்பு மண்டலத்தில் விட்டுப்போன சேதம். தசையைப் பிசைந்து அதை நிறுத்த முடியாது. நாய்க்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான் என்று வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். குண்டான லேப்ரடாரின் முட்டி வலிக்கு மசாஜை விடப் பெரிய மருந்து சோற்றைக் குறைப்பது. அதையும் சொல்லுங்கள்.

மருத்துவர் முதலில்

இந்தியாவில் விலங்குகளுக்கு நோய் கண்டறிவதும் மருத்துவம் பார்ப்பதும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் அதைத் தெளிவாக வைத்திருக்கிறது. ஆகவே, நாய் மசாஜ் கற்றவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்வதோ, “இது ஆர்த்ரைட்டிஸ்தான்” என்று முடிவு கட்டுவதோ, மாத்திரை சொல்வதோ கூடாது. நொண்டும் நாயை யார் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, “டாக்டர் பார்த்தாரா?” பார்க்கவில்லை என்றால் அன்றைக்கு மசாஜ் கிடையாது. பார்த்திருந்தால் அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் படியுங்கள். புரியாத இடத்தை அவரிடமே கேளுங்கள்.

வெளிநாடுகளில் இதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறு விலங்குகளுக்கு மசாஜ் செய்யச் சான்றிதழ் வேண்டுமானால் 300 மணி நேரப் பயிற்சி வேண்டும். பிரிட்டனில் 1966ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவச் சட்டத்தின் நிழலில்தான் இந்த வேலை நடக்கிறது. கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதல் இல்லாமல் நோயுள்ள நாய்க்குக் கைச்சிகிச்சை செய்ய முடியாது. ஒரு சனி ஞாயிறு வகுப்பை முடித்துவிட்டுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று யாராவது சொன்னால், அந்த 300 மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: உங்கள் பகுதி அரசு கால்நடை மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ பொறுமையான ஒரு மருத்துவரைத் தேடிப் பிடியுங்கள். காலை நேரத்தில் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நாயைப் பிடிக்கும் விதம், காய்ச்சல் பார்க்கும் விதம், வலிக்கும் இடத்தைத் தொடும் விதம் மூன்றையும் அங்கேதான் கற்க முடியும். நரம்பு, எலும்பு சம்பந்தமான சிக்கலான நாய்களை அவர் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பக்கூடும். அங்கே போய்வந்த நாய்க்கு என்ன செய்யலாம், என்ன கூடாது என்ற குறிப்பும் சீட்டில் இருக்கும்.

உங்கள் கையையும் உயிரையும் காத்துக்கொள்வது

வெறிநோய்க்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நாயின் தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் கை வைக்கவும் வேண்டாம். கடித்தாலோ பல் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். முன்பே தடுப்பூசி போட்டவரும் போக வேண்டும், அவருக்கும் கூடுதல் ஊசி உண்டு. “வீட்டு நாய்தானே” என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி வையுங்கள். சென்ட் வேண்டாம். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தால் சில நாய்கள் மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.

அப்புறம் எண்ணெய். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மசாஜ் என்றதும் நம் வீடுகளில் நல்லெண்ணெயைக் காய்ச்ச ஆரம்பித்துவிடுவார்கள். சிலர் கற்பூரம் போட்டுக் காய்ச்சுவார்கள், சிலர் யூகலிப்டஸ் தைலமும் வலிக்குப் பூசும் பாமும் கொண்டுவருவார்கள். நாய்க்கு மசாஜ் வெறுங்கையால்தான். பூசியதை நாய் நக்காமல் விடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். மனிதருக்கான வலி நிவாரணிக் களிம்புகளில் உள்ள டைக்ளோஃபெனாக், நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென் மாத்திரையும் அப்படித்தான். வெறும் நல்லெண்ணெய் விஷமில்லை என்றாலும் முடியில் ஒட்டிப் புழுதியைச் சேர்க்கும், தோல் நோய் உள்ள நாய்க்கு அரிப்பைக் கூட்டும். பாட்டி சொன்னார் என்பதற்காக வேப்பெண்ணெயை உடம்பு முழுக்கப் பூசிவிட்டு நாயை அழைத்துவந்தால், துடைத்துக் குளிப்பாட்டி இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

நாயின் உடம்பைத் தெரிந்துகொள்வது

முதுகெலும்புத் தொடரில், கழுத்தில் 7 எலும்புகள், விலா சேரும் மார்புப் பகுதியில் 13, இடுப்புக்கு மேலே 7, அதன் கீழே ஒன்றாகச் சேர்ந்துபோன 3. இவற்றை மனப்பாடம் செய்வதை விட, அமைதியான ஒரு நாயின் மேல் விரல் வைத்து ஒவ்வொரு பகுதியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடிப் பழகுவது மேல். தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பு, கடைசி விலா, இடுப்பெலும்பின் இரண்டு முனைகள், வால் தொடங்கும் இடம்: கண்ணை மூடிக்கொண்டு இவற்றைக் கண்டுபிடிக்க வர வேண்டும்.

இரண்டு உண்மைகள் இந்த வேலைக்கு அடிப்படை. நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. அந்த முன்னங்கால்களை உடம்போடு சேர்த்துப் பிடித்திருப்பது முழுக்க முழுக்கத் தசைதான். நமக்கு இருப்பது போன்ற காறை எலும்பு நாய்க்கு இல்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். பின்னங்கால் வலிக்கும் நாய் எடையை இன்னும் முன்னே தள்ளும். ஆகவே “இடுப்பு வலி” என்று கொண்டுவரப்படும் வயதான நாயின் தோளிலும் கழுத்தின் அடிப்பகுதியிலும்தான் இறுக்கம் அதிகமாகத் தட்டுப்படும். புதியவர்கள் வலிக்கும் இடத்துக்கே கையைக் கொண்டுபோவார்கள். நீங்கள் தோளில் தொடங்குங்கள். நாயும் அங்கே தொடுவதை எளிதில் ஏற்கும்.

நெறி கட்டும் இடங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: தாடைக்குக் கீழ், தோளுக்கு முன்னால், அக்குள், தொடையிடுக்கு, பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம். ஆரோக்கியமான நாயிலும் தாடையடியிலும் முட்டிக்குப் பின்னாலும் சிறிதாகத் தட்டுப்படும். பல இடங்களில் ஒரே சமயத்தில் வீங்கியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் சுவர் வெடிப்புக்கும் உண்ணி நன்றாகப் பெருகும். உண்ணிக் காய்ச்சலில் நெறி கட்டும், மூக்கில் ரத்தம் வரும், லேசாக அழுத்தினாலும் தோலடியில் ரத்தம் கட்டிவிடும். நிணநீர்ப் புற்றுநோயும் இப்படித்தான் தெரியத் தொடங்கும். எது என்று சொல்வது ரத்தப் பரிசோதனை.

ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் இவற்றைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்: உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கிறதா, அமைதியாகப் படுத்திருக்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டாமல் இருக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா. ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

நடையைப் பார்ப்பது

கை வைப்பதற்கு முன், நாய் நடப்பதை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை இறங்கும். பின்னங்காலில் வலி இருந்தால், அந்தப் பக்க இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். நகத்தைப் பாருங்கள்: ஒரு காலின் நகம் மட்டும் முன்பக்கம் தேய்ந்திருந்தால் அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது. ஒரே இடத்தை நக்கி நக்கி முடி பழுப்பாக மாறியிருந்தால் அங்கே ஏதோ தொல்லை.

நம் ஊரில் இதைக் கற்க அருமையான இடம் பாலாறு. ஆண்டின் பெரும் பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில், காலையில் ஒரு நாயைக் கயிற்றில் மெதுவாக நடத்திக் கூட்டிப்போய், பின்னால் திரும்பி அதன் தடத்தைப் பாருங்கள். நான்கு கால்களும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்கிறதா? விரல் நுனி இழுபட்ட கோடு இருக்கிறதா? சிமெண்டுத் தரையில் கண்ணுக்குத் தப்பும் இழுப்பு மணலில் தப்பாது. ஆரோக்கியமான நாயின் தடத்தையும் நொண்டும் நாயின் தடத்தையும் செல்போனில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பழகுங்கள்.

நாயின் சம்மதம்

கட்டிவைத்தோ, வாய்க்கட்டு போட்டோ, நான்கு பேர் அமுக்கிப் பிடித்தோ செய்வது மசாஜ் ஆகாது. பயந்த உடம்பில் தசை தளராது. எனவே நாய் வந்து நிற்க வேண்டும் அல்லது படுக்க வேண்டும். வர மறுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டுக்காரர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் சரி.

கேட்கும் முறை எளிது. பக்கவாட்டில் உட்காருங்கள், தலைக்கு மேல் குனியாதீர்கள். கையின் பின்புறத்தை முகரக் கொடுங்கள். தோளில் மூன்று நான்கு நொடி மெதுவாகத் தடவிவிட்டு, கையை முழுதாக எடுத்துவிடுங்கள். நாய் உங்கள் பக்கம் சாய்ந்தாலோ மூக்கால் கையைத் தள்ளினாலோ தொடரலாம். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்த்தால், காதைப் பின்னால் ஒட்டினால், அது வேண்டாம் என்று சொல்கிறது. அசையாமல் கல்லாக உறைந்து நிற்பதுதான் மிகவும் அபாயம்; “பாருங்க, எவ்ளோ சமத்தா நிக்கிறான்” என்று வீட்டுக்காரர் மகிழ்ந்துகொண்டிருப்பார், அடுத்த நொடி கடி விழும். உறுமும் நாயைத் திட்டவும் கூடாது. அது நேர்மையாக எச்சரிக்கிறது.

இன்பமாக இருக்கும் நாயையும் அடையாளம் தெரிய வேண்டும். பெருமூச்சு விடும், கண் பாதி மூடும், நெஞ்சு நிமிர்த்திப் படுத்திருந்தது ஒரு பக்க இடுப்பில் சாயும், பின்னங்கால் தளர்ந்து நீளும்.

நேரமும் இடமும்

ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு மட்டும் செய்யுங்கள். நாய் பாதத்தைத் தவிர வேறு இடத்தில் பெரிதாக வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெக்கையில் இரைக்கும் நாய் சூட்டால் இரைக்கிறதா, வலியாலா, பயத்தாலா என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாதபோது கை வைக்கக் கூடாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து மார்பில் பளு தருவதே கூடாது.

டைல்ஸ் தரை நாயின் மூட்டுக்கு எதிரி. கால் வழுக்காமல் இருக்க அது உடம்பு முழுக்க இறுக்கிக்கொண்டுதான் நிற்கும். ஜமுக்காளமோ ரப்பர் விரிப்போ போடுங்கள். வீட்டில் நாய் நடக்கும் வழியிலெல்லாம் போடச் சொல்லுங்கள். பல வயதான நாய்களுக்கு மசாஜை விட இதுவே அதிகம் உதவும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும். ஓடி விளையாடி வந்த உடனே வேண்டாம். தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாயிடம் புதிதாக மசாஜ் தொடங்காதீர்கள். சில வாரம் முன்பே பழக்கியிருந்தால் அந்தக் கை அன்று துணையாக இருக்கும்.

இப்போது கை

சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடும் முறைக்குத் தொக்கணம் என்று பெயர், அதில் ஒன்பது வகை உண்டு. வீட்டில் பெரியவர்களுக்குக் கால் பிடித்துவிட்டவர்களுக்கு அதில் பாதி கைவழக்கமாகவே வரும். நாய்க்கு அழுத்தல், பிடித்தல் இரண்டையும் மென்மையாகப் பயன்படுத்தலாம். முறுக்கல், இழுத்தல், இறுக்கல், மல்லாத்துதல் நான்கும் அறவே கூடாது. கழுத்தைச் சொடக்கெடுக்கும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தொடக்கம்: இரண்டு உள்ளங்கையையும் தோளில் வைத்து, எதுவும் செய்யாமல், நாயின் மூச்சைக் கவனியுங்கள். மூச்சு நிதானமானதும், கழுத்திலிருந்து வால் அடிவரை முடி போகும் திசையில் முழுக் கையால் நீவுங்கள். முதுகெலும்பின் மேல் கை போகக் கூடாது. அதன் இரு பக்கமும் உள்ள தசைமேல் போகட்டும். ஒரு நீவலுக்கு ஐந்து ஆறு நொடி ஆகும். அவசரமாகத் தடவினால் நாய் விளையாட்டு என்று நினைத்து எழுந்துவிடும். ஒரு கை நகரும்போது இன்னொரு கை உடம்பில் இருக்க வேண்டும், நாய் உங்களைத் தேடக் கூடாது.

அடுத்து தோள். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் உள்ள தடித்த தசையில் விரல் பரப்பால், நுனியால் அல்ல, சின்னச் சின்ன வட்டமாகத் தோலை நகர்த்துங்கள். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது. தோல் விரலோடு சேர்ந்து நகர வேண்டும். அழுத்தத்தின் அளவுக்கு ஒரு சோதனை: கண்ணை மூடி, இமையின் மேல் விரல் வைத்து, கண்ணுக்குத் தொந்தரவு இல்லாமல் இமையை எவ்வளவு நகர்த்த முடியுமோ அவ்வளவு. முதல் சில வாரங்களுக்கு நாயின் எந்த இடத்திலும் அதைத் தாண்ட வேண்டாம்.

பிறகு தொடை. பின்னந்தொடையின் பெரிய தசையை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, மூன்று எண்ணி, மெல்ல விடுங்கள். நாய் ஏற்றுக்கொண்டால் பிசையலாம். சப்பாத்தி மாவு பிசைவது போல வலுவாக வேண்டாம். தசையை எலும்பிலிருந்து லேசாகத் தூக்கி விடுவது போதும். இறுகிய முடிச்சு தட்டுப்பட்டால் அதன் மேல் குத்தாதீர்கள். சுற்றியுள்ள இடத்தைத் தளர்த்துங்கள். முடிச்சு தானாக இளகினால் இளகட்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை. கடைசியில் மறுபடியும் நீண்ட நீவல், அதோடு முடிப்பு. முதல் முறை ஐந்து நிமிடம் போதும். பழகிய நாய்க்கு இருபது முப்பது நிமிடம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தொண்டை, வயிறு, முட்டிச் சில்லு, எந்தக் கட்டியின் மேலும் அழுத்தம் கூடாது. சினையாக உள்ள நாயின் வயிற்றுப் பக்கமே போகாதீர்கள்.

கையை எடுக்க வேண்டிய நேரங்கள்

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் மயக்கம், திறந்த புண், சொறி, படர்தாமரை (இது நமக்கும் ஒட்டும்), தையல் பிரிக்காத அறுவைப் புண், அடிபட்டு இன்னும் மருத்துவர் பார்க்காத நாய்: இவை எதிலும் மசாஜ் இல்லை. புற்றுநோய் உள்ள நாய்க்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். நேற்று வரை நடந்த நாய் இன்று பின்னங்காலை இழுத்தால், அல்லது தூக்கியதும் கத்தினால், அது முதுகெலும்புத் தட்டு பிதுங்கியதாக இருக்கலாம். டாஷண்ட் போன்ற நீள முதுகு நாய்களுக்கு இது அதிகம். “சுளுக்குதான், எடுத்து விடுங்க” என்பார்கள். தொடாதீர்கள். பலகையிலோ கெட்டியான அட்டையிலோ முதுகு வளையாமல் கிடத்தி அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அந்த நாய் மறுபடி நடக்குமா என்பது சில மணி நேரத்தில் தீர்மானமாகிவிடக்கூடும்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிபட்டுப் பின்கால் செயலிழந்த நாய்களை வளர்க்கும் நல்ல மனிதர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் முயற்சியால் 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்த ஊர் இது. தினமும் சிறிது சிறிதாகச் செய்யும் பயிற்சியின் பலம் என்னவென்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செயலிழந்த நாய்க்கும் அதே பொறுமைதான். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது, காலை மடக்கி நீட்டுவது, சிறுநீர்ப்பையை அழுத்தி வடிப்பது மூன்றையும் மருத்துவர் பக்கத்தில் நின்று காட்டிய பிறகே செய்ய வேண்டும். சிறுநீர் தங்கினால் கிருமித் தொற்று வரும், தப்பாக அழுத்தினால் பை கிழியும்.

மற்றவர்களைப் பழக்குபவர்களுக்கு

உங்களிடம் ஓரிருவர் கற்க வந்தால், முதல் சில வாரம் மசாஜ் செய்யவே விடாதீர்கள். நடையைப் பார்த்து எழுதட்டும், உடம்பைத் தொட்டு எலும்பைத் தேடட்டும். விரலின் உணர்வைக் கூட்ட ஒரு நல்ல பயிற்சி: நோட்டுத் தாளுக்கடியில் ஒரு தலைமுடியை வைத்து, கண்ணை மூடி, அது எங்கே இருக்கிறது என்று விரலால் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கிடைத்ததும் இன்னொரு தாளைச் சேருங்கள். பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துவிட்டு, அழுத்தம் கூடியதா குறைந்ததா என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். அப்படிச் சொல்லும் வசதி நாயிடம் இருக்காது.

ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை விட வேண்டியிருக்கும். எருது விடும் விழாவுக்குக் காளையைத் தயார் செய்யும் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து இளைஞர்களுக்கு விலங்கின் மனம் தெரியும், கை மட்டும் கனமாக இருக்கும். பிசியோதெரபி படித்தவருக்குத் தசை தெரியும். நோயாளி சொன்னதைச் செய்வார் என்ற நினைப்பை அவர் விட வேண்டும். நாயைக் குளிப்பாட்டும் கடையில் இருந்தவருக்குப் பயம் இருக்காது, பிடியைத் தளர்த்தத்தான் தெரிய வேண்டும். என் பார்வையில் மிக நன்றாகக் கற்பவர்கள், நாயோடு சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்கள்.

பல வகை நாய்களைக் காட்டுங்கள். ராஜபாளையம் நாய்க்கு உடம்பில் கொழுப்பு குறைவு, எலும்பு சீக்கிரம் தட்டுப்படும். அவற்றில் காது கேளாத நாய்களும் உண்டு என்பதால் பின்னாலிருந்து தொடக் கூடாது. தெருநாய்களைப் பொறுத்தவரை, தினமும் சோறு வைப்பவரின் கையை ஏற்கும் நாயை மட்டும், அவரே, தோளோடு நிறுத்திக்கொள்ளலாம். காது நுனி வெட்டியிருப்பது கருத்தடை ஆனதற்கு அடையாளம். வெறிநோய்த் தடுப்பூசி இந்த ஆண்டு போட்டதா என்பதை அது சொல்லாது.

பயிற்சியின் முடிவில் நான் வைக்கும் தேர்வில் மசாஜ் செய்து காட்டச் சொல்வதில்லை. ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்தி, இதற்கு இன்று மசாஜ் செய்யலாமா, கூடாதா, ஏன் என்று கேட்கிறேன். கூடாது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர் தனியாக வேலை செய்யலாம்.

கடைசியாக, ஒரு நோட்டு. ஒவ்வொரு நாய்க்கும் தனிப் பக்கம்: தேதி, வயது, எடை, மருத்துவர் சொன்னது, நடையில் கண்டது, கை எங்கெங்கே போனது, எங்கே நாய் திரும்பிப் பார்த்தது, எப்போது அது எழுந்து போனது, மறுநாள் எப்படி இருந்தது என்று வீட்டுக்காரர் போனில் சொன்னது. மறுநாள் நொண்டல் கூடியிருந்தால் அடுத்த முறைக்கு முன் மருத்துவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வீட்டுக்காரருக்குத் தோளிலும் தொடையிலும் ஐந்து நிமிடம் நீவக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதையும் தேதியோடு எழுதிவையுங்கள்.